பாதித் தோட்டத்தில் நின்றுபோன மோவர்: பேட்டரி புல்வெட்டி வாங்கிய அனுபவம்

புதிதாக வாங்கிய பேட்டரி மோவரை முதல் நாள் இறக்கி ஓட்டியபோது 12-வது நிமிடத்தில் நின்றுபோனது. பின்பக்கத் தோட்டத்தில் முக்கால்வாசி வெட்டி முடித்திருந்தேன். மீதி இடத்தில் கணுக்காலுக்கு மேல் வளர்ந்த புல் அப்படியே நின்றது. முன்பக்கத்தைத் தொடவே இல்லை. பேட்டரியில் மீதிச் சார்ஜைக் காட்டும் விளக்குகளில் ஒன்றே ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. கழற்றி சார்ஜரில் போட்டால் அதுவும் ஏறவில்லை. சூடாக இருக்கும் பேட்டரி ஆறும்வரை சார்ஜ் ஏறாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அது ஆறி, ஏறி, மறுபடி ஓட்டத் தயாராவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பெட்டியின் மேல் '250 சதுர மீட்டர் வரை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். என் வீட்டில் புல் இருக்கும் இடம் மொத்தமே 220 சதுர மீட்டர்தான். போதுமே என்று வாங்கினேன். அந்த 'வரை' என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. தரை மேடு பள்ளமில்லாமல் இருக்க வேண்டும், புல் காய்ந்திருக்க வேண்டும், ஏற்கெனவே குட்டையாக இருப்பதில் நுனியை மட்டும் எடுக்க வேண்டும், பேட்டரி புதிதாக இருக்க வேண்டும். இத்தனையும் கூடி வந்தால்தான் அந்த எண் வரும். வீட்டுத் தோட்டத்தில் அது அபூர்வம். அந்த மெஷினைச் சின்னத் தோட்டம் வைத்திருக்கும் தங்கைக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கினேன். அது நான்காவது வருடமாக ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் அளந்து பார்த்தது, கணக்குப் போட்டது, அப்புறம் ஒரு பேட்டரியைக் கெடுத்துக்கொண்டது, எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில், எனக்கு ஏன் பேட்டரி என்று சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்தவரை பெட்ரோல் மெஷின்தான். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில மாதங்கள் சும்மா கிடந்தால் உள்ளே தங்கிய பெட்ரோல் பிசின்போல் ஆகி கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும். அம்மாவால் அந்தக் கயிற்றை இழுக்கவே முடியாது. ஆனால் தோட்டம் அம்மாவுடையது. புல் எப்போது வெட்ட வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். நான் வீட்டில் இல்லாத நாளிலும் அவரால் ஓட்ட முடிய வேண்டும் என்று நினைத்தேன். பெட்ரோலுக்கு அப்புறம் வயர் மெஷின் வந்தது. சத்தமும் புகையும் குறைந்தன. ஆனால் நீள வயரை எப்போதும் முதுகுப்பக்கமாகவே ஒதுக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒருநாள் திரும்பும்போது பிளேடு வயரின் உறையைக் கிழித்துவிட்டது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச் வீட்டில் இருந்ததால் உடனே மின்சாரம் நின்றது. அன்றோடு வயர் மெஷினை நிறுத்திவிட்டேன். உங்கள் புல்தரை சின்னது, பிளக் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தப் பாதுகாப்பு சுவிட்சும் இருக்கிறது என்றால் வயர் மெஷின் இன்றைக்கும் நல்ல தேர்வுதான். எடை குறைவு, சார்ஜ் கவலையும் கிடையாது.

சரி, பேட்டரி என்று முடிவாகிவிட்டது. கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது வோல்ட். 18, 20, 36, 40, 56 என்று வரிசையாக நிற்கும். எண் பெரிதானால் பலம் பெரிது என்று நானும் நம்பினேன். இதில் 18-ம் 20-ம் ஒன்றேதான். உள்ளே இருப்பது வரிசையாகக் கோத்த ஐந்து லித்தியம் அயன் செல்கள். ஒரு செல்லின் சராசரி வோல்ட் 3.6, ஐந்துக்கு 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4 வோல்ட்டைச் சற்றுத் தாண்டி நிற்கும். அதை வைத்துக் கணக்கிட்டு '20 மேக்ஸ்' என்று போடுகிறார்கள். 36-ம் 40-ம் அப்படியே பத்து செல். ஒரு கம்பெனி சராசரியைப் போடுகிறது, இன்னொன்று உச்சத்தைப் போடுகிறது. இது தெரியாமல் 18-ஐ ஒதுக்கி 20-ஐ எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்வது வாட்-அவர், அதாவது பேட்டரிக்குள் அடங்கியிருக்கும் மொத்த சக்தி. வோல்ட்டையும், அதோடு பேட்டரியில் போட்டிருக்கும் ஆம்பியர்-அவரையும் (Ah) பெருக்கினால் கிடைக்கும். 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 72 வாட்-அவர். 36 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 144. இரண்டு பேட்டரியிலும் '4' என்றே எழுதியிருக்கும், ஆனால் ஒன்றில் மற்றதைவிட இரண்டு மடங்கு சக்தி இருக்கிறது. பேட்டரியின் அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் வாட்-அவர் அச்சிட்டிருப்பார்கள். அதைத் தேடிப் படியுங்கள். கடையில் நின்று இரண்டு மெஷின்களை ஒப்பிட அதைவிட நேர்மையான எண் கிடையாது. நான் முதலில் வாங்கியது அந்த 72 வாட்-அவர் பேட்டரி. இந்த எண் அன்றைக்குத் தெரிந்திருந்தால் கணுக்கால் உயரப் புல்லில் அதை இறக்கியிருக்க மாட்டேன்.

அப்படியென்றால் வோல்ட் வீணா என்றால், இல்லை. 720 வாட் வேலை வாங்க 18 வோல்ட்டில் 40 ஆம்பியர் ஓட வேண்டும். 36 வோல்ட்டில் 20 போதும். ஓடும் கரண்ட் பாதியானால் அதே வயரில் வீணாகும் சூடு கால் பங்காகிவிடும். அதனால் அடர்ந்த புல்லில் 36 வோல்ட் மெஷின் திணறாமல் போகும், சட்டென்று சூடாகி நிற்காது. என் கருத்து: சின்னத் தோட்டத்துக்கு 18 போதும், என்னுடையது போன்ற நடுத்தர அளவுக்கு 36, அதற்கும் மேலே போனால் 56-ஐப் பார்க்கலாம். கூடவே மோட்டார் பிரஷ்லெஸ்தானா என்று பாருங்கள். உள்ளே உரசித் தேயும் கார்பன் துண்டுகள் இல்லாததால் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும்.

இப்போது நான் செய்ததிலேயே உருப்படியான காரியத்தைச் சொல்கிறேன். இரண்டாவது மெஷின் வாங்கும் முன், முதல் மெஷினையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். தோட்டத்தை டேப் போட்டு அளந்தேன். பின்பக்கம் 166, முன்பக்கம் 54. அம்மா நட்ட செடிப் பாத்திகளைக் கழித்த பிறகு வந்த கணக்கு இது. முழுச் சார்ஜில் மெஷினை ஓட்டி, நிற்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு, எவ்வளவு பரப்பு முடிந்திருக்கிறது என்று அளந்தேன். புல் அடர்ந்து உயர்ந்திருந்த நாளில் 120 சதுர மீட்டரோடு நின்றது. வாரம் தவறாமல் வெட்டிய காலத்தில் கிட்டத்தட்ட 200 வரை போனது. 72-ஐ 120-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 0.6 வாட்-அவர். 200-ஆல் வகுத்தால் 0.36. என் வீட்டுப் புல்லுக்கு மோசமான நாளில் ஆகும் செலவும், நல்ல நாளில் ஆகும் செலவும் இப்படித்தான் கைக்கு வந்தன.

மெஷினின் அகலம் மாறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அகலமான பிளேடு நிமிடத்துக்கு அதிகம் உறிஞ்சும், ஆனால் குறைந்த நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். வெட்ட வேண்டிய புல் அதேதானே. ஆகவே மோசமான நாளுக்கு 220-ஐ 0.6-ஆல் பெருக்கினேன்: 132 வாட்-அவர். பேட்டரி வயதாக ஆக அதன் கொள்ளளவு குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்த பிறகும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று 132-ஐ 0.8-ஆல் வகுத்தேன்: 165. 36 வோல்ட்டில் 5 ஆம்பியர்-அவர் எடுத்தால் 180 வாட்-அவர். அதைத்தான் வாங்கினேன். இப்போது ஒழுங்காக வெட்டும் வாரங்களில் 20 நிமிடத்துக்குள் முழுத் தோட்டமும் முடிகிறது, பேட்டரியில் பாதி அப்படியே இருக்கிறது. சொந்தமாக அளக்க மெஷின் இல்லாதவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் பரப்பில் பாதியை நம்பி வாங்கலாம். என் அனுபவத்தில் அது சரியாகவே வந்தது.

நான் வாங்கியதில் 36 வோல்ட் வருவது இரண்டு 18 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்துப் போடுவதால். இந்த அமைப்பில் ஒரு வசதி உண்டு. அதே பேட்டரி டிரில்லுக்கும், செடி வேலியைக் கத்தரிக்கும் மெஷினுக்கும், ஓரப்புல் வெட்டும் டிரிம்மருக்கும் பொருந்தும். மோவரோடு வாங்கும் பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் விலையில் பெரும் பங்கு போகிறது. அதனால் கையில் ஏற்கெனவே எந்த கம்பெனி பேட்டரி இருக்கிறதோ, அந்தக் குடும்பத்திலேயே மோவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி இல்லாத வெறும் மெஷினாகவும் கிடைக்கும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பொதுவாகப் பொருந்தாது. அடாப்டர் என்று எதையாவது மாட்டி ஓட்ட வேண்டாம். செல்கள் அளவுக்கு மீறிக் காலியாவதைத் தடுக்கும் பாதுகாப்பு சில நேரம் மெஷினும் பேட்டரியும் பேசிக்கொள்வதில்தான் இருக்கிறது. அடாப்டர் அதை வெட்டிவிடும்.

இதிலேயே நான் ஒரு தவறும் செய்தேன். கையில் இருந்த பழைய 4 ஆம்பியர்-அவர் பேட்டரியையும் புதிய 5 ஆம்பியர்-அவர் பேட்டரியையும் ஜோடியாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பழையது காலியான நொடியில் மெஷின் நின்றுவிட்டது. புதியதில் இரண்டு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வரிசையில் கோத்த இரண்டில் எது பலவீனமோ அதன் ஓட்டம்தான் மெஷினின் ஓட்டம். இப்போது ஒரே நாளில் வாங்கிய இரண்டுக்கும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டி, எப்போதும் சேர்த்தே போடுகிறேன், சேர்த்தே சார்ஜ் ஏற்றுகிறேன். பழையது டிரில்லுக்குப் போய்விட்டது.

சார்ஜரையும் கேட்டு வாங்குங்கள். 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். இரண்டு பேட்டரிக்கு ஒரே ஒரு சின்ன சார்ஜர் என்றால் ஒரு நாள் அதிலேயே போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டையும் ஏற்றும் சார்ஜருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

அகலத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் 46 செ.மீ. மெஷின் ஒன்று இருந்தது. சக்கரம் தானாக உருளும் வகை. "எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க, பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க" என்று கொடுத்தார். திறந்த இடத்தில் அது ஓடிய அழகைப் பார்த்து அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எங்கள் சுவருக்கும் செம்பருத்திப் பாத்திக்கும் நடுவில் 45 செ.மீ. இடைவெளிதான் இருக்கிறது. மெஷின் அங்கே நுழையவே இல்லை. பிளேடு வெட்டும் அகலம் 46 என்றால் வெளிக்கூட்டின் அகலம் அதைவிடக் கூடுதல் என்பதை நான் யோசிக்கவில்லை. பின்வாசலில் இரண்டு படிகள் வேறு. கிட்டத்தட்ட 30 கிலோ மெஷினை அம்மாவால் தூக்க முடியாது. ஓட்டிக்கொண்டே திரும்பும் இடத்தில் அது தன்பாட்டில் உருண்டு ரோஜாச் செடி ஒன்றைச் சாய்த்துவிட்டது. அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு, "இது நமக்கு வேண்டாம்மா, இது என்னை இழுத்துக்கிட்டுப் போகுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு எனக்கு அகலம் முடிவாகிவிட்டது: 37 செ.மீ., தள்ளி ஓட்டும் வகை, பேட்டரியோடு சேர்த்து 17 கிலோ.

யார் ஓட்டப் போகிறாரோ அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். கைப்பிடி அவர் இடுப்புக்கு ஏற்ற உயரத்தில் நிற்கிறதா, ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே கைப்பிடியோடு இருக்கும் கம்பியை இழுத்துப் பிடிக்க விரல் எட்டுகிறதா, படியில் தூக்க நடுவில் ஒரு பிடி இருக்கிறதா என்பதெல்லாம் படம் பார்த்துத் தெரியாது. வெட்டு உயரத்தை மாற்றும் லிவரையும் பாருங்கள். ஒரே லிவரில் நான்கு சக்கரமும் ஏறி இறங்கினால் வாராவாரம் மாற்ற மனம் வரும். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி மாட்டும் வகையை வாங்கினால் ஒரே உயரத்தில் விட்டுவிடுவோம். அது புல்லுக்குக் கெடுதல்.

இந்த வெட்டு உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்பதை முடிவு செய்வதே அதுதான். ஒரு முறை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது தோட்டக்காரர்களின் பழைய விதி. 50 மி.மீ. உயரத்தில் வைத்திருக்க ஆசைப்பட்டால் 75-க்கு வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் சாப்பாடு தயாரிக்கும் இலைப்பகுதி போய்விடும், வேர் வளர்வது தடைபடும், புல் வெளுத்து அந்த இடைவெளியில் களை முளைக்கும். அருகம்புல்போலத் தரையோடு படரும் வகை குட்டையாக வெட்டினாலும் தாங்கும். நிமிர்ந்து வளரும் வகைக்கு உயரம் விட வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும் மாதங்களில் நான் ஒரு படி உயர்த்தி வைத்துவிடுவேன். அப்போது மண்ணுக்கு நிழல் கிடைக்கிறது, ஈரம் நிற்கிறது. மோட்டாருக்கும் வேலை குறைகிறது. முதல் நாள் நான் செய்தது இதற்கு நேர் எதிர்: 15 செ.மீ. புல்லை ஒரே வீச்சில் 3 செ.மீ.-க்குக் கொண்டுவரப் பார்த்தேன். 12 நிமிடத்தில் நின்றதற்கு பேட்டரியைக் குறை சொல்லி என்ன பயன்?

ஊருக்குப் போய்த் திரும்பும்போது புல் எப்படியும் வளர்ந்துதான் இருக்கும். அப்போது உயரத்தை உச்சத்தில் வைத்து, மெஷினின் பாதி அகலம் மட்டும் புல்லில் படும்படி மெதுவாகப் போகிறேன். மூன்று நான்கு நாள் விட்டு ஒரு படி இறக்கி மறுபடி ஒரு முறை. ரொம்ப உயர்ந்துவிட்டால் முதலில் டிரிம்மரால் மேற்பகுதியை எடுத்துவிடலாம். ஈரப் புல்லில் மட்டும் இறக்காதீர்கள். கூட்டுக்குள் அப்பிக்கொள்ளும், பை வாய் அடைக்கும், பேட்டரி கண்ணெதிரே இறங்கும், காலும் வழுக்கும்.

வெட்டிய புல்லை என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே யோசித்துவிடுங்கள். பையில் சேர்க்கலாம்; அல்லது பைக்குப் போகும் வழியை அடைக்கும் மூடாக்கு அடைப்பானைப் போட்டுவிட்டால் புல் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பொடியாகி மண்ணிலேயே விழுந்துவிடும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், சீக்கிரம் மக்கிவிடும். அதிலுள்ள தழைச்சத்து திரும்ப மண்ணுக்கே போகிறது. நான் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு உரம் போடுவதைக் குறைத்துவிட்டேன். ஆனால் திரும்பத் திரும்ப நறுக்குவதால் பேட்டரி கூடுதலாகச் செலவாகும். புல் நீளமாக இருந்தால் கட்டி கட்டியாக விழுந்து அடியிலுள்ள புல்லை மூச்சு முட்ட வைக்கும். ஒழுங்காக வெட்டும் வாரங்களில் மூடாக்கு, விட்டுப்போன வாரங்களில் பை. பை என்றால் 40 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள், இல்லாவிட்டால் கொட்டப் போய்வருவதிலேயே நேரம் போகும்.

இரண்டாவது வருடத்தில் ஒரு மாற்றம். எப்போதும் இரண்டு விளக்கு மீதமிருக்கும் பேட்டரி, தோட்டம் முடியும் முன்பே இறங்க ஆரம்பித்தது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புது ஜோடி வாங்கவே தயாராகிவிட்டேன். அதற்குள் அம்மா புல்லைக் கையில் எடுத்துக் காட்டினார். நுனிகள் வெட்டுப்பட்டதுபோல் இல்லாமல் நார்நாராகக் கிழிந்து, வெளுத்துப் பழுப்பாகியிருந்தன. பிளேடைக் கழற்றிப் பார்த்தால் விளிம்பு மழுங்கி, ஒரு இடத்தில் கல் பட்டு நசுங்கியிருந்தது. கூட்டின் உட்புறத்தில் காய்ந்த புல் விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, அரத்தால் பழைய சாய்வு மாறாமல் பிளேடைத் தீட்டி மாட்டினேன். மறுவாரமே பழையபடி இரண்டு விளக்கு மிஞ்சியது. சுழலும் பிளேடு கத்தரிக்கோல்போல் வெட்டுவதில்லை, வேகத்தால் அடித்துத்தான் வெட்டுகிறது. மழுங்கினால் அந்த அடிக்குக் கூடுதல் பலம் தேவைப்படும், அது பேட்டரியிலிருந்துதான் வந்தாக வேண்டும். இப்போது 20 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை தீட்டுகிறேன். தீட்டியதும் நடுத்துளையை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கனம். அதை இன்னும் கொஞ்சம் அராவினால் சமமாகிவிடும். சமமில்லாத பிளேடு மெஷினையே உதறவைக்கும். வாங்கும்போதே மாற்று பிளேடு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

கத்தரிக்கோல்போல் வெட்டும் வகையும் உண்டு, அதுதான் மூத்தது. 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டியே உருளை வகைதான். துணி ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்குப் பேட்டரியிலும் உருளை மோவர் கிடைக்கிறது. மிகக் குட்டையாக, கம்பளம்போல் வேண்டும் என்பவர்களுக்கு அது. சமமான தரையும் அடிக்கடி வெட்டும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம்.

பேட்டரி ஒன்றைக் கெடுத்தேன் என்றேனே, அதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. புல் வளராத மாதங்கள் வந்தன. கடைசியாக ஓட்டி முழுக்க இறங்கிய பேட்டரியை அப்படியே தகரக் கொட்டகையில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து எடுத்தால் ஒரு விளக்கும் எரியவில்லை. சார்ஜர் அதை ஏற்கவே இல்லை. லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டும் சிறிது உறிஞ்சும். ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜர் மறுத்துவிடும், மறுப்பதுதான் சரியும்கூட. அப்படி அடிமட்டம் போன செல்லுக்குள் செம்பு கரைந்து, மறுபடி ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகத் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி மறுசுழற்சிக்கு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். முழுச் சார்ஜிலும் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது, அதுவும் சூட்டில் வைத்தால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பாதிச் சார்ஜில், வீட்டுக்குள், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடவும் கூடாது.

சத்தம் குறைவு என்பது பெரிய வரம். ஆனால் அதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. மெஷின் ஓடுவது தெரியாமல் தங்கை மகன் ஒருநாள் பின்னால் வந்து நின்றுவிட்டான். நான் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தேன். கம்பியைக் கைவிட்டதும் பிளேடு நின்றது, ஆனால் அந்த இரண்டு மூன்று நொடி எனக்கு மறக்காது. இப்போது மெஷினைப் பின்னோக்கி இழுப்பதே இல்லை. புல்லில் இறங்கும் முன் கல், குச்சி, விளையாட்டுச் சாமான் எல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் தொடங்குவேன். மூடிய செருப்பு கட்டாயம். கூட்டுக்கு அடியில் கைவைக்கும் முன் சாவியையும் பேட்டரியையும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன்.  பேட்டரி மெஷினில் பட்டனும் கம்பியும் சேர்ந்து அமுங்கினால் உடனே பிளேடு எழுந்துவிடும். ஹோஸ் பைப்பால் அதைக் கழுவவும் வேண்டாம். மரக்குச்சியால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

போன வாரம் இந்த வருடத்தின் கடைசி வெட்டு. அம்மாதான் ஓட்டினார். முடித்துவிட்டு இரண்டு பேட்டரிகளிலும் பட்டனை அமுக்கிப் பார்த்தார்: நான்கில் இரண்டிரண்டு விளக்கு எரிந்தது. சார்ஜில் போடாமல் அப்படியே துணியால் துடைத்து, மாடிப்படிக்கு அடியிலிருக்கும் அலமாரியில் வைத்தோம். மாதம் ஒரு முறை எடுத்து விளக்கைப் பார்க்க வேண்டும் என்று காலண்டரில் அம்மா பச்சை மையில் வட்டம் போட்டிருக்கிறார். ஒரு விளக்காக இறங்கியிருந்தால் அரை மணி நேரம் சார்ஜில் போட்டு மறுபடி எடுத்து வைப்போம்.